வாவிக்கரை நகரமும் புதிய கருவிகளும்: மட்டக்களப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செய்மதிப் படம், ட்ரோன், கைத்தொலைபேசி வரைபடம், உணரிகள், கியூஆர் குறியீடு போன்றவை நகரத் திட்டமிடலையும் அன்றாட நகர வாழ்வையும் எவ்வாறு மாற்றுகின்றன என்று மட்டக்களப்பு நகரிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழ்பவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கு விடை எழுதப்பட்டுள்ளது. வெளிநாட்டு நகரங்கள் தேவையான இடத்தில் மட்டுமே வருகின்றன. வெள்ளத்தைப் பற்றிய விடைகள் ஏனையவற்றைவிட நீளமானவை. மூன்று பக்கம் தண்ணீரால் சூழப்பட்ட ஊரில் அது தவிர்க்க முடியாதது.

‘ஸ்மார்ட் நகரம்’ என்கிறார்களே, அது உண்மையில் என்ன?

அது ஒரே பொருளில் வழங்கும் சொல் அன்று. பிரேசிலின் ரியோ டி ஜெனீரோ நகரம் 2010ஆம் ஆண்டின் பெருமழைக்கும் மண்சரிவுக்கும் பிறகு, போக்குவரத்து, மழை, அவசர சேவை ஆகிய அனைத்தையும் ஒரே மண்டபத்திலிருந்து கண்காணிக்கும் நிலையம் ஒன்றை அமைத்தது. சிங்கப்பூர் தன் கட்டடங்கள் அனைத்தையும் முப்பரிமாணக் கணினி மாதிரியாக உருவாக்கியது. இரண்டும் இதே பெயரால்தான் அழைக்கப்படுகின்றன. இவற்றுக்குப் பொதுவானது, நகரத்தைப் பற்றிய தகவலை முன்பைவிட அடிக்கடியும் மலிவாகவும், எந்த இடத்துக்குரியது என்ற குறிப்புடனும் திரட்டுவதே. அந்தத் தகவல் சரியானதா, யார் கையில் இருக்கிறது, பிழை இருந்தால் யார் திருத்துவார்கள் என்ற மூன்றையும் கேட்டுவிட்டால், பெயரைப் பற்றி அதிகம் கவலைப்படத் தேவையில்லை என்பது என் கருத்து.

இவையெல்லாம் பெருநகரங்களுக்குரியவை அல்லவா? மட்டக்களப்பில் எப்போதாவது செய்து பார்த்திருக்கிறார்களா?

செய்து பார்த்திருக்கிறார்கள், ஊரவர் பலருக்கே அது தெரியாமற் போனதுதான் வியப்பு. 2012ஆம், 2013ஆம் ஆண்டுகளில் உலக வங்கி ஆதரவளித்த ‘ஓப்பன் சிற்றீஸ்’ திட்டத்துக்குத் தெற்காசியாவில் தெரிவு செய்யப்பட்ட இடங்கள் மூன்று: டாக்கா, காத்மண்டு, மட்டக்களப்பு. இங்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் பங்களிப்புடன், மட்டக்களப்பு நகரை உள்ளடக்கிய, 48 கிராம உத்தியோகத்தர் பிரிவுகளைக் கொண்ட மண்முனை வடக்குப் பிரதேச செயலகப் பிரிவு முழுவதும் கட்டடம் கட்டடமாக வரைபடத்தில் ஏற்றப்பட்டது. செய்மதிப் படத்தைப் பார்த்து ஒவ்வொரு கூரையின் எல்லைக்கோட்டையும் வரைந்த பிறகு, நேரில் சென்று அந்தக் கட்டடம் எத்தனை மாடி, எதற்குப் பயன்படுகிறது, சுவரும் கூரையும் எதனாலானவை என்று கேட்டுப் பதிந்தார்கள். ஏறத்தாழ 30,000 கட்டடங்கள் அவ்வாறு பதியப்பட்டன. அவை எவரும் கட்டணமின்றிப் பார்க்கவும் திருத்தவும் கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் சேர்க்கப்பட்டன.

கூரை எதனாலானது என்பது எதற்கு என்று கேட்கலாம். 1978 நவம்பர் 23ஆம் திகதி வந்த சூறாவளியைக் கண்டவர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால், விடையை அவர்களே சொல்வார்கள். எந்த ஒழுங்கையில் தகரக் கூரைகள் நெருக்கமாக உள்ளன என்று முன்கூட்டியே தெரிந்தால், காற்று வருமுன் எங்கிருந்து மக்களை இடம்பெயர்க்க வேண்டும் என்று திட்டமிடலாம். மாடிகளின் எண்ணிக்கையும் அப்படித்தான். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று கல்லடியிலும் நாவலடியிலும் ஓடித் தப்ப நேரமில்லாதபோது, அருகிலொரு உறுதியான மேல்மாடி இருந்ததா என்பதே பலருக்கு உயிர்ப் பிரச்சினையாக இருந்தது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். ஊர் வளர்ந்துகொண்டே போகிறது. வரைபடம் தானாக வளர்வதில்லை. தொடர்ந்து திருத்தப்படாத வரைபடம் சென்ற ஆண்டுப் பஞ்சாங்கத்தைப் போன்றது: அச்சு அழகாக இருக்கும், நாள் பொருந்தாது.

எங்கள் வீதிக்கு வெள்ளம் வருமா என்று கணினியால் முன்கூட்டியே சொல்ல முடியுமா?

தண்ணீர் தாழ்ந்த இடத்தைத் தேடிப் போகும் என்ற அடிப்படை விதியை வைத்துத்தான் வெள்ள மாதிரிகள் எல்லாம் இயங்குகின்றன. ஆகவே நிலத்தின் உயரம் எவ்வளவு சரியாகத் தெரியுமோ, அவ்வளவுதான் கணினியின் விடையும் சரியாக இருக்கும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. உலகெங்கும் இலவசமாகப் பயன்படுத்தப்படும் உயரத் தரவுகளில் முக்கியமானது, 2000ஆம் ஆண்டில் அமெரிக்க விண்வெளி ஓடமொன்று ரேடார் மூலம் அளந்தது. ஏறத்தாழ 30 மீற்றருக்கு 30 மீற்றர் அளவுள்ள சதுரம் ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரே உயரம் குறிக்கப்பட்டிருக்கும். அந்த உயரத்திலும் சில மீற்றர் பிழை இருக்கலாம். மலைநாட்டில் அது பெரிய குறையன்று. கடல் மட்டத்திலிருந்து ஓரிரு மீற்றர் உயரத்திலேயே பெரும்பகுதி கிடக்கும் நம் கரையோரத்தில், அளவைவிடப் பிழை பெரிதாகிவிடுகிறது. போதாக்குறைக்கு, அந்த ரேடார் நிலத்தை மட்டும் பார்க்கவில்லை; தென்னந்தோப்பின் உச்சியையும் வீட்டுக் கூரையையும் நிலமென்று எண்ணிக்கொண்டது. தென்னை அடர்ந்த வளவொன்று அந்தத் தரவில் மேடாகத் தெரியும். மழை பெய்தால் அங்கே முழங்காலளவு தண்ணீர் நிற்கும்.

இதற்கு மாற்றாக, விமானத்திலிருந்தோ ட்ரோனிலிருந்தோ லேசர் ஒளிக்கற்றையை அனுப்பி அளக்கும் லைடார் முறை உண்டு. இலைகளின் இடைவெளியூடே சில கற்றைகள் நிலத்தைத் தொட்டுத் திரும்புவதால், நிலத்தின் உயரத்தைச் சில அங்குலப் பிழைக்குள் அளந்துவிடலாம். அதற்குச் செலவு அதிகம். இருந்தாலும், ஒரு வீதியை உயர்த்திக் கொங்கிறீட் இடுவதற்கு முன் இந்த அளவீட்டைச் செய்யாமல் விடுவதே அதைவிடப் பெரிய செலவு என்று நான் நினைக்கிறேன். உயர்த்தப்பட்ட வீதி அணைக்கட்டாக மாறி, அதன் மேற்குப் பக்க வளவுகளில் தண்ணீர் தேங்கிய கதை இல்லாத ஊர் எழுவான்கரையில் (வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட கிழக்குப் பக்கத்தில்) அரிது.

வெள்ளம் வந்த பிறகாவது செய்மதி உதவுமா?

உதவும், அதுவும் நன்றாகவே. நமக்கு மழை பெரும்பாலும் ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் வருகிறது. அப்போது வானம் மூடியிருப்பதால் சாதாரணப் படம் எடுக்கும் செய்மதிக்கு முகில் மட்டுமே தெரியும். ரேடார் செய்மதிக்கு முகில் தடையன்று, இரவும் தடையன்று. ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2014ஆம் ஆண்டு முதல் அனுப்பிவரும் சென்ரினல்-1 வகைச் செய்மதிகளின் படங்களை எவரும் இலவசமாகப் பெறலாம். அமைதியான நீர்ப்பரப்பு ரேடார் அலையைக் கண்ணாடியைப் போல வேறு பக்கம் தெறிக்கச் செய்வதால், வெள்ளம் நின்ற இடம் படத்தில் கருமையாக விழும்.

ஆனால் இரண்டு இடங்களில் அது ஏமாறும். ஒன்று, மாரி வேளாண்மை தொடங்கிய வயல்கள். அங்கே தண்ணீர் நிற்பது வெள்ளமன்று, விதைப்பு. செய்மதிக்கு இரண்டும் ஒன்றே. வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையின் படத்தைப் பார்த்துவிட்டுத் தொலைவில் இருக்கும் ஒருவர் பாதி மாவட்டம் மூழ்கிவிட்டது என்று எழுதக்கூடும். மற்றொன்று, நெருக்கமாக வீடுகள் உள்ள இடங்கள். காத்தான்குடியைப் போல மதிலோடு மதில் ஒட்டிய ஊரில் அலைகள் தண்ணீரிலும் சுவரிலும் மாறி மாறி மோதித் திரும்புவதால், வீதியில் நிற்கும் வெள்ளம் படத்தில் வெள்ளமாகத் தெரியாமலே போகலாம். வயலை மிகையாகவும் ஊரைக் குறைவாகவும் காட்டும் கருவி இது என்று தெரிந்துகொண்டு பயன்படுத்தினால் தவறில்லை.

இந்தக் குறையை ஈடுசெய்ய இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் ஒரு வழி கண்டார்கள். வெள்ளத்தில் நிற்பவர்களே சமூக ஊடகத்தின் மூலம் இடத்தையும் நீரின் ஆழத்தையும் அனுப்ப, அவை உடனுக்குடன் பொது வரைபடமொன்றில் ஏறின. நம் ஊரில் வாட்ஸ்அப் குழுக்களில் வெள்ளப் படங்கள் குவியத்தான் செய்கின்றன. எந்தச் சந்தி, எந்த மணி என்ற குறிப்பு இல்லாததால் அவை மறுநாளே பயனற்றுப் போகின்றன.

முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்பதை ஓர் உணரி தீர்மானிக்கக் கூடாதா?

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான வாவி கடலோடு சேரும் வாய் மணல் திட்டால் அடைபட்டிருக்கும்போது பெருமழை பெய்தால், உள்ளே நீர் ஏறும். மணலை வெட்டிவிட்டால் வடியும். வாவியின் பல இடங்களில் நீர்மட்ட உணரிகளை வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அளவை அனுப்பச் செய்வது இன்று கடினமான காரியமன்று. மழை முன்னறிவிப்பையும் கடலின் ஏற்றவற்றத்தையும் சேர்த்துக் கணித்தால், எந்த நேரத்தில் வெட்டினால் நீர் விரைவாக வெளியேறும் என்பதும் தெரியும்.

அத்தனையும் தெரிந்த பிறகும் கேள்வி முடிவதில்லை. வேளாண்மைக்காரருக்குத் தன் வயல் அழுகுமுன் நீர் இறங்க வேண்டும். வாவியில் வலை வீசுபவருக்கு, உரிய காலத்துக்கு முன் வாய் திறந்தால் நீர்மட்டம் இறங்கி, உவர் மாறி, இறாலும் மீனும் போய்விடுமோ என்ற அச்சம். தாழ்ந்த வளவில் இருப்பவருக்கு இன்றிரவே வெட்ட வேண்டும். மூவருடைய நியாயத்தையும் எடைபோடுவது உணரியின் வேலையன்று. அது கூட்டம் வைத்துப் பேசி முடிக்க வேண்டிய விடயம். உணரி செய்யக்கூடியது, அந்தக் கூட்டத்தில் ‘தண்ணீர் அவ்வளவு ஏறவில்லை’ என்று ஒருவரும், ‘கழுத்தளவு வந்துவிட்டது’ என்று இன்னொருவரும் வாதிடாதபடி, எல்லோர் முன்னும் ஒரே எண்ணை வைப்பதுதான். அந்த எண் அதிகாரிகளின் கணினியில் மட்டும் இருக்குமானால் அந்தப் பயனும் கிடைக்காது.

தோணாக்களும் வடிகான்களும் வரைபடத்தில் இருக்கின்றனவா?

பெரும்பாலும் இல்லை; இருந்தால் ஒரு மெல்லிய கோடாக மட்டுமே. கல்முனை, சாய்ந்தமருதுப் பக்கம் வரை நீளும் இந்தக் கரையோரத்தில் மழைநீரைக் கடலுக்கோ வாவிக்கோ கொண்டுசெல்பவை தோணாக்கள்தான். அவை எங்கே ஒடுங்குகின்றன, எங்கே மதிலெழுப்பி மறிக்கப்பட்டுள்ளன, எந்த மதகின் குழாய் எவ்வளவு அகலம் என்பவை செய்மதிக்குத் தெரியாதவை. அங்கேயே வாழ்பவர்களுக்குத் தெரிந்தவை. புதிய கருவிகளின் உண்மையான பயன் இவ்விடத்தில் மிக எளியது: ஜிபிஎஸ் உள்ள கைத்தொலைபேசியுடன் இரண்டு பேர் கோடைகாலத்தில் ஒரு தோணாவின் நெடுகிலும் நடந்து, ஐம்பது அடிக்கு ஒரு படமும் அகலமும் பதிவது.

வாவிக்கரையை நிரப்பிக் கட்டுவதைத் தடுக்கத் தொழில்நுட்பம் உதவுமா?

சாட்சி சொல்ல உதவும். லான்ட்சாற் செய்மதிகள் 1972ஆம் ஆண்டிலிருந்து பூமியைப் படமெடுத்து வருகின்றன. எண்பதுகளின் நடுப்பகுதியிலிருந்து வந்தவற்றில் 30 மீற்றர் அளவு வரை பிரித்துப் பார்க்கலாம். அண்மைக் காலத்துக்குக் கூகுள் ஏர்த் செயலியில் பழைய படங்களை ஆண்டுவாரியாகப் புரட்டினால், சதுப்பு நிலமும் கண்டல் மரங்களும் இருந்த இடம் எந்த ஆண்டில் மண்மேடானது என்பதைச் சாதாரண மனிதரும் காணலாம். பழைய காணி உறுதிகளில் ‘கிழக்கே வாவி’ என்று மட்டும் எல்லை எழுதப்பட்டிருப்பதும், வாவியின் கரை மாரியில் ஒன்றாகவும் கோடையில் ஒன்றாகவும் இருப்பதும் சேர்ந்து உண்டாக்கும் சிக்கலைப் படம் தனியே தீர்க்காது. என்றாலும், ‘எப்போதும் இது மேட்டுநிலம்தான்’ என்ற பேச்சுக்கு அது இடம் வைக்காது.

ட்ரோனை நாமே வாங்கிப் பறக்கவிட்டு ஊரைப் படமெடுக்கலாமா?

இலங்கையில் ட்ரோன் பறத்தல் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் விதிகளுக்கு உட்பட்டது. பதிவும் அனுமதியும் பற்றி முதலில் அறிந்துகொள்ள வேண்டும். மட்டக்களப்பில் விமான நிலையம் ஊரோடு ஒட்டியே இருப்பதை மறந்துவிடக் கூடாது. அத்துடன், பிறர் வீட்டு முற்றத்தையும் கிணற்றடியையும் மேலிருந்து பார்ப்பது சட்டத்துக்கு முன் நாகரிகத்தின் பிரச்சினை.

கைத்தொலைபேசி வரைபடம் சில வேளைகளில் தவறான வழியைக் காட்டுவது ஏன்?

அது வீதிகளைக் கோடுகளாகவும், கோடுகள் சேருமிடங்களை முடிச்சுகளாகவும் மட்டுமே அறியும். நம் ஊரில் ‘பாதை’ என்றால் வழி மட்டுமன்று, வாவியைக் கடக்கும் மிதவையும் பாதைதான். குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் பாதையில் கடப்பவருக்கு அது எப்போது புறப்படும், காற்றடித்தால் நிற்குமா என்பவை தெரியும்; வரைபடமோ அதை வீதியாகவே எண்ணிக்கொள்ளலாம், அல்லது அறவே விட்டுவிட்டு நீண்ட சுற்றுவழியைக் காட்டலாம். மண்முனையில் 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்பட்டபோது எழுவான்கரையும் படுவான்கரையும் எவ்வளவு நெருங்கின என்பது அங்கே முன்பு பாதைக்குக் காத்திருந்தவர்களுக்குத் தெரியும். தொழில்நுட்பம் என்றதும் திரையை மட்டும் நினைக்கும் நாம், பாலமும் தொழில்நுட்பம்தான் என்பதை மறந்துவிடுகிறோம்.

சுனாமிக்குப் பிறகு கரையோரத்தில் கீறிய எல்லைக் கோட்டை இன்றைய கருவிகள் வேறு மாதிரிக் கீறியிருக்குமா?

அப்படித்தான் நினைக்கிறேன். 2005ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அறிவிக்கப்பட்ட கட்டுமானத் தடை வலயம் தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என்று தூரத்தை மட்டுமே வைத்து வகுக்கப்பட்டது. பின்னர் அது தளர்த்தப்பட்டது. 200 மீற்றருக்கு அப்பால் இருந்த பள்ளம் பாதுகாப்பானதாகவும், 150 மீற்றரில் இருந்த மணல்மேடு ஆபத்தானதாகவும் அந்தக் கோட்டின்படி கணக்கிடப்பட்டன. தரை உயரத்தையும், அலை எந்த வாய்க்கால் வழியே உள்நுழைந்தது என்பதையும் சேர்த்துக் கீறியிருந்தால் கோடு வளைந்து நெளிந்திருக்கும். வளைந்த கோட்டை மக்களுக்கு விளக்குவது கடினம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நேர்கோட்டை எவரும் நாடா பிடித்து அளந்துவிடலாம்.

நகர வாழ்வை உடனே மாற்றிய டிஜிற்றல் ஏற்பாடு எதையாவது சொல்ல முடியுமா?

2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது வந்த கியூஆர் அட்டை. அதற்கு முன் எண்ணெய் நிலையங்களின் வரிசை வீதியையே பிடித்துக்கொண்டிருந்தது. கடைகளின் வாசல் மறைந்தது, பஸ் திரும்ப இடமில்லை, முச்சக்கரவண்டியிலேயே உறங்கியவர்கள் ஏராளம். வாகனத்துக்கு ஒரு குறியீடு, கிழமைக்கு இத்தனை லீற்றர் என்று வரையறுத்ததும், முந்தி நிற்பதால் கூடுதலாகப் பெற முடியாது என்றானது, வரிசை சுருங்கியது. 2023 செப்டெம்பரில் அந்த முறை நிறுத்தப்பட்டது. எண்ணெயைக் கூட்டாமலே வீதியைத் திருப்பித் தந்த ஏற்பாடு அது. அதேவேளை, கைத்தொலைபேசி கையாளத் தெரியாத முதியவர்களும், வாகனமில்லாமல் படகுக்கும் இயந்திரத்துக்கும் எண்ணெய் தேவைப்பட்டவர்களும் எவ்வளவு அலைய வேண்டியிருந்தது என்பதையும் மறக்க முடியாது.

குப்பைத் தொட்டிகளில் உணரி வைத்தால் நகரம் சுத்தமாகுமா?

தொட்டி நிரம்பியதை அறிவது நம் பிரச்சினையன்று. ஏற்றிய குப்பையை எங்கே கொட்டுவது என்பதே பிரச்சினை. அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டில் திறந்த குப்பைமேட்டுக்கு வந்து பிளாஸ்ரிக்கை உண்ட யானைகள் இறந்த செய்தி உலகெங்கும் வெளிவந்தது. அங்கே தேவைப்பட்டது ஒழுங்கான வேலியும், வீட்டிலேயே தரம் பிரிக்கும் பழக்கமும்.

வீதிக் கமெராக்களும் உணரிகளும் எங்களைக் கண்காணிக்கும் கருவிகளாக மாறாதா?

மாறக்கூடும், இப்பகுதியில் சோதனைச் சாவடிகளின் காலத்தைக் கண்டவர்கள் இதைக் கேட்பதில் வியப்பில்லை. கனடாவின் ரொறன்ரோவில் கூகுளின் தாய் நிறுவனத்தைச் சேர்ந்த நிறுவனமொன்று 2017ஆம் ஆண்டு அறிவித்த உணரி நகர்த் திட்டம், திரட்டப்படும் தரவு யாருக்குச் சொந்தம் என்ற சர்ச்சையில் நெடுநாள் சிக்கியிருந்து, 2020 மே மாதத்தில் கைவிடப்பட்டது. நிறுவனம் சொன்ன காரணம் பொருளாதார நிச்சயமின்மை. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டுள்ளது. ஒரு கமெரா பொருத்தப்படும்போது, பதிவு எத்தனை நாள் வைக்கப்படும், யார் பார்க்கலாம் என்று எழுத்தில் கேட்பது எவருக்கும் உரியது. நீர்மட்டத்தை அளக்கும் உணரிக்கு முகம் தெரியாது. முகத்தைப் படிக்கும் கமெராவையும் அதையும் ஒரே பட்டியலில் ‘நவீன வசதிகள்’ என்று சேர்த்து அனுமதி கேட்டால் தயங்குவதே முறை.

தனியொருவராக நான் என்ன செய்யலாம்?

வெள்ளம் உச்சத்தில் நின்ற மட்டத்தை, வடிவதற்குள், மதிலில் அழியாத மையால் கோடிட்டுத் திகதியையும் நேரத்தையும் எழுதுங்கள். 2011 ஜனவரி வெள்ளத்தின் கோடு இன்னும் எங்காவது சுவரில் இருந்தால், அதை வெள்ளையடித்து மறைக்குமுன் படமெடுத்து, தரையிலிருந்து எத்தனை அடி என்று அளந்து வையுங்கள். எந்தக் கணினி மாதிரியையும் சரிபார்க்க இத்தகைய கோடுகள்தான் முதலில் தேவைப்படும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் உங்கள் ஒழுங்கையின் பெயரைத் தமிழில் சரியாக எழுதுங்கள். ஆங்கில எழுத்திலிருந்து திருப்பி எழுதப்பட்டு அடையாளம் தெரியாமற்போன பெயர்கள் ஏராளம். வீதியை உயர்த்தும் அல்லது வடிகான் வெட்டும் திட்டம் வந்தால், அதற்கான உயர அளவீட்டை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம்; தருவதா இல்லையா என்ற முடிவைப் பொதுவாக 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். விண்ணப்பத்தில் ‘வெள்ளம் பற்றிய தகவல்’ என்று பொதுவாக எழுதாமல், இன்ன வீதியின் இன்ன சந்தியிலிருந்து இன்ன மதகு வரையிலான தரைமட்ட அளவுகள் என்று குறிப்பாக எழுதுங்கள்.